வீம்புக்கு ஒரு டீ

1

இங்கே பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால், பிரிப்பதற்கு முன்பே பேனாவைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வேன். நான் அம்பத்தூரில் படித்த காலத்தில் கடிதமெல்லாம் கிடையாது. வாத்தியார் சைக்கிளில் போகும்போது வழியில் அப்பாவைப் பார்த்தால், "உம் புள்ள நேத்து பள்ளிக்கூடம் வரலியேப்பா" என்பார். அன்று சாயங்காலம் எனக்குப் பூசை நடக்கும். அதோடு விஷயம் முடிந்துவிடும். நியூசிலாந்தில் அடி கிடையாது, காகிதம்தான். வெலிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டு ஒன்பது வருடத்தை ஓட்டிவிட்டேன். கடைந்த இரும்பைவிட நிரப்பிய படிவம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன ஜூலையில் வந்த கடிதம் என் மகள் நித்யாவைப் பற்றியது. அவளுக்குப் பத்து வயது. பள்ளி நிகழ்ச்சி நடந்த மதியம், நூலகத்தில் உட்காரச் சொல்லியும் கேட்காமல், தேனீ வேடம் போட்டுக்கொண்டு, அரங்கத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு மணி நேரம் மழையில் நின்றாளாம். பெற்றோர் வந்து பேச வேண்டும். கூடவே ஒரு படிவம். அதில் இரண்டு கட்டங்கள்: தெரியாமல் செய்தது, வேண்டுமென்றே செய்தது. பொருத்தமானதில் டிக் அடிக்கவும்.

நித்யா ஏன் உள்ளே இல்லை என்று கேட்பீர்கள். அது என் தவறு. தேனீக்கள் பாட்டில் அவளும் ஒருத்தி. அதற்குப் பெற்றோர் கையெழுத்துப் போட்டு ஒரு துண்டுச் சீட்டு அனுப்ப வேண்டும். 'நாளைக்குப் போடுகிறேன்' என்று அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். அது அங்கேயே மூன்று வாரம் தொங்கியது. சீட்டு வராததால் அவளுடைய இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் மனைவி சாந்தி தைத்துக் கொடுத்த இறக்கைகள் மட்டும் பையிலேயே இருந்தன.

கடிதத்தைப் படித்ததும் சாந்தி என்னைத்தான் முறைத்தாள்.

"உங்க குடும்பத்து ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்தா இரும்புச்சத்து இருக்காதுங்க. வீம்புதான் இருக்கும்."

2

வீம்பு. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இந்த ஊரில் அதை யாருக்கும் சொல்லி விளங்கவைக்க முடியாது. பட்டறையில் கூட வேலை செய்பவனிடம் ஒருமுறை முயன்றேன். அவன் கடைசியில், "அப்படியென்றால் பிடிவாதம்" என்றான். இல்லவே இல்லை.

அடம் பிடிக்கும் குழந்தைக்குப் பலூன் வேண்டும். வாங்கிக் கொடுத்தால் அடம் தீர்ந்தது. பிடிவாதக்காரனுக்குத் தான் சொன்னது நடக்க வேண்டும். நடந்தால் அவனும் வீட்டுக்குப் போய்விடுவான். வீம்பு பிடித்தவனுக்கு எதுவுமே வேண்டாம். பசிக்கும், சாப்பாடு எதிரிலேயே இருக்கும், சாப்பிட மாட்டான். அதிலும் தனியாகப் போய்ப் பட்டினி கிடக்க மாட்டான். நாலு பேர் சாப்பிடும் இடத்தில் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு சாப்பிடாமல் இருப்பான். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் வீம்பு செல்லுபடியாகாது.

என் அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தார். ஒருநாள் பஸ் படியில் கால் வைத்தவரை, "அடுத்த வண்டில வா பெருசு" என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வண்டி காலியாக வந்தது. அப்பா ஏறவில்லை. பாடியிலிருந்து அயனம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் நடந்தே வந்தார். வழியில் கடந்துபோன ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு சலாம் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் கால் வீங்கி இரண்டு நாள் லீவு. "ஏன் நைனா இப்புடி?" என்று என் அக்கா கேட்டதற்கு, "அந்த கண்டக்டருக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார். அந்த கண்டக்டர் அப்பாவை அந்த நிமிடமே மறந்திருப்பார்.

இப்படிக் கேட்ட அக்காதான், பிற்காலத்தில் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டாள்.

3

அக்காவின் பெயர் கன்னியம்மா. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு, தலை வாரி, ஐ.டி.ஐ.யில் சேர்த்து, வேலை கிடைத்ததும் பெண் தேடியதும் அவள்தான். ஆவடிப் பக்கம் பத்து வீடு ஏறி இறங்கி, சாந்தியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

எண்பத்தாறில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அச்சாகி வந்ததும் ஊருக்கெல்லாம் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை வைக்கிற முறை உங்களுக்குத் தெரியும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், நடுவில் பத்திரிகை. வீட்டு ஆண், பெண் இரண்டு பேரையும் நிற்கவைத்து, பெயர் சொல்லி, 'முன்னாடியே வந்து நடத்திக் கொடுக்கணும்' என்று வாயால் சொல்ல வேண்டும். கையில் திணித்துவிட்டு ஓடக்கூடாது. கூடப்பிறந்தவளாக இருந்தாலும் இதுதான் முறை. கூடப்பிறந்தவளுக்கு இன்னும் ஒரு படி கூடுதலாகவே.

அக்கா பாடியில்தான் குடியிருந்தாள், என் தொழிற்சாலைக்குப் பின்தெருவில். மதிய ஷிப்டுக்குப் போகிற வழியில் தட்டும் கையுமாக அவள் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தொழிற்சாலையில் சங்கு ஊதிவிட்டது. நம்ம அக்காதானே என்று நினைத்து, பத்திரிகையை மட்டும் ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு ஓடினேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று மதியமே அதே தட்டை எங்கள் சூப்பர்வைசர் முன்னால் நீட்டி, குனிந்து நின்று முறையாக அழைத்தேன். கேன்டீனே பார்த்தது. செய்தி சாயங்காலத்துக்குள் பின்தெருவுக்குப் போய்விட்டது. அக்கா தன் புருஷன் தேவராஜ் மாமாவிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாளாம்.

"சூப்பர்வைசருக்குத் தட்டு, எனக்கு ஜன்னல் கம்பி."

மறுநாள் போய்க் காலில் விழுந்திருக்கலாம். 'நாளைக்குப் போகலாம்' என்று இருந்தேன். எல்லாக் காலத்திலும் என் வியாதி இதுதான்.

4

கல்யாணம் குமணன்சாவடியில், பெங்களூர் சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நடந்தது. காலையில் மாப்பிள்ளை அறையில் எனக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்த என் சிநேகிதன் மணி, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "மச்சான், உங்க அக்கா வந்துகீறாங்க" என்றான்.

"எங்கடா?"

"எதிர்த்தாப்ல. டீக்கடையில."

எட்டிப் பார்த்தேன். சாலைக்கு எதிர்ப்புறம், டீக்கடை பெஞ்சின் நடுவில், அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கழுத்தில் இருக்கிற நகை எல்லாம் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் டீ. பக்கத்தில் அவளுடைய எட்டு வயது மகள் சுமதி பன் தின்றுகொண்டிருந்தாள். மண்டபத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் அக்காவைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வர வேண்டும். சொந்தக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். "டீ குடிக்கணும்னு தோணுச்சி, வந்தேன். இன்னா தப்பு? நீங்க போங்க" என்று எல்லோருக்கும் ஒரே பதில்.

வீட்டிலேயே இருந்திருந்தால் அது வெறும் கோபம். வந்து, வராமல் இருந்தாள் பாருங்கள், அதுதான் வீம்பு.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை சாலையைக் கடந்தார். இரண்டு தடவையும் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். காலைப் பந்திக்கு மட்டும் சுமதியை உள்ளே அனுப்பிவைத்தாள் அக்கா. "புள்ளைக்கும் சண்டைக்கும் சம்பந்தம் இல்ல, போய் துண்ணுட்டு வா." சுமதி இரண்டு லட்டு தின்றுவிட்டு, மூன்றாவதைப் பாவாடையில் மறைத்து எடுத்துப் போனாள்.

மணி என் காதில், "நீ ஒரு எட்டு போய் கூப்புடு மாமே, வந்துருவாங்க" என்றான்.

"மாலை போட்ட மாப்பிள்ளை மண்டபத்தை விட்டு வெளியே போகக்கூடாதுடா. அவளுக்கு வீம்பு, விடு" என்றேன். மாலை அப்போது பெட்டியில்தான் இருந்தது.

தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டியது. சித்தப்பா மகள் போட்டாள். கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாலையின் அந்தப் பக்கத்திலிருந்தே அட்சதை போட்டாளாம். வெளியே நின்ற மணி பார்த்துவிட்டு வந்து சொன்னான். "எல்லாம் லாரி மேல வுழுந்துச்சிடா." என் கல்யாணத்து மஞ்சள் அரிசி அன்று சாயங்காலம் பெங்களூர் போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

5

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அக்கா என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. நித்யா பிறந்தபோது எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து, குழந்தையை அங்கே தூக்கிவரச் சொல்லிப் பார்த்தாள். நான் இந்த ஊருக்குப் புறப்பட்டபோது ஆவக்காய் ஊறுகாய் மட்டும் மாமா கையில் வந்தது.

இங்கே வந்த பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடியிலிருக்கும் ஐ.எஸ்.டி. பூத்துக்கு நான் போன் போடுவேன். மாமா எடுப்பார். பக்கத்தில் அக்கா நிற்பது நன்றாகவே கேட்கும்.

"ஏய்மல, இன்னாபா, நல்லாக் கீறியா?" என்பார் மாமா. ஏழுமலை என்கிற என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும்.

"சளி புடிச்சிருக்கு மாமா."

"சளியாம்மே" என்பார் அந்தப் பக்கம் திரும்பி.

"மொளகு ரசம் வெச்சிக் குடிக்கச் சொல்லு. அந்தக் குளுருல வெறும் தலையோட திரியறானான்னு கேளு" என்று அக்காவின் குரல் பூத்தே அதிரும்படி வரும்.

"வெறும் தலையோட..."

"கேட்டுச்சு மாமா. குல்லா போட்டுக்கறேன்."

"குல்லா போட்டுக்கறானாம்."

"பொய்யி" என்பாள் அக்கா. நான் வெறும் தலையோடுதான் நின்றுகொண்டிருப்பேன்.

நித்யாவுக்கு இந்த நாடகம் ஒன்றும் புரியாது. அத்தையை அவள் 'ஆன்ட்டி' என்பாள். அவளுடைய தமிழும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்பா, நீ எப்போ வர்றாரு?" என்று கேட்பாள். திருத்தினால் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுவாள். அதனால் நான் திருத்துவதில்லை.

பள்ளிக் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பினால், கதவிலிருக்கும் தபால் துவாரத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு நீள உறை செருகியிருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். சுமதியின் கல்யாணப் பத்திரிகை. ஆவணியில், குமணன்சாவடியில், அதே மண்டபம். 'தாய்மாமன்: ஏழுமலை – சாந்தி, நியூசிலாந்து' என்று மணமகன் பெயருக்குச் சமமான எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். உறைக்குள் கடிதம் கிடையாது. போன் கிடையாது. தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை வைக்க வேண்டும், தட்டோடு, நேரில். மாலை எடுத்துக் கொடுக்கிறவனே அவன்தான்.

"எனக்குத் தபால் துவாரம்" என்றேன் சாந்தியிடம்.

"பன்னெண்டு வருஷமா காத்திருந்து போட்டிருக்காங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்தது பாராட்டுதான்.

"நான் போகமாட்டேன்."

"வீம்பா?"

"மரியாதை."

6

பள்ளிக்கூடத்தில் நித்யாவின் ஆசிரியை நல்ல மாதிரி. கோபமே இல்லாமல் கேட்டார். "கதவு திறந்துதானே இருந்தது? உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்திருக்கலாமே?"

"யாரும் கூப்பிடலை" என்றாள் நித்யா ஆங்கிலத்தில்.

"நூலகத்தில் கதகதப்பாக இருந்திருக்கலாமே?"

"அங்கே இருந்தால், நான் வரலைன்னு யாருக்கும் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆசிரியை என் பக்கம் திரும்பி, படிவத்தைக் காட்டி, எந்தக் கட்டம் என்றார். தெரியாமல் செய்ததில்லை. வேண்டுமென்றேதான். ஆனால் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் என் மகள் ஏதோ கெட்ட எண்ணத்தோடு செய்தவள் போல ஆகிவிடுவாள். நான் பேனாவை எடுத்து, பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, தமிழில் 'வீம்பு' என்று எழுதி, அதில் டிக் அடித்தேன். ஆசிரியை அதை எப்படிச் சொல்வது என்று கேட்டார். "வீம்பூ" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் தன் அப்பாவும் பக்கத்துப் பண்ணைக்காரரும் ஒரு வேலிக் கதவுக்காகப் பல வருடமாகப் பேசுவதில்லை என்றும், அதற்கு என்ன பெயர் என்று இதுவரை தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

காரில் திரும்பும்போது நித்யாவிடம், "அவ்வளவு மழையில் எவ்வளவு நேரம் நிற்கிறதா இருந்தே?" என்று கேட்டேன்.

"யாராவது வந்து கூப்பிடற வரைக்கும்" என்றாள், இது என்ன கேள்வி என்பது போல.

காரை ஓரமாக நிறுத்தினேன். அக்கா அன்று டீ குடிக்கவும் வரவில்லை, என்னை அவமானப்படுத்தவும் வரவில்லை. மூன்று மணி நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, நான் ஒரு தடவை வெளியே வந்து கூப்பிடுவேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அட்சதையை முடிந்து எடுத்துவந்தவள் உள்ளே வரத்தானே வந்திருப்பாள்? ஜன்னல் வழியாக நான் அவளைப் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். இருந்தும் நான் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா, நீ அழறாரா?" என்று கேட்டாள் நித்யா.

7

லீவு கேட்பது தனிக் கதை. என் முதலாளி காரணம் கேட்டார். நான் அவசரத்தில், அக்கா மகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்பதை ஆங்கிலத்தில், 'நான் என் அக்கா மகளைக் கல்யாணம் செய்ய வேண்டும்' என்று சொல்லிவிட்டேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் ஊரில் அதுவும் உண்டு என்பதை நான் அப்போது சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

ஆவணியில் மூன்று பேரும் போய் இறங்கினோம். விமானம் தாமதம். முகூர்த்தத்தன்று காலை ஆறு மணிக்கு, சாந்தியின் அம்மா வீட்டில் உடை மாற்றிக்கொண்டு, நேராக மண்டபத்துக்கு ஆட்டோவில் வந்தோம். நான் திருந்திவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். உள்ளே போய் அக்கா காலில் விழுவது என்றுதான் திட்டம். மண்டப வாசலில் வாழை மரத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. வாய்விட்டு யாரும் என்னைக் கூப்பிடவில்லையே! திரும்பி சாலையைக் கடந்தேன். பட்டு வேட்டியோடு அதே டீக்கடை பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தேன். அவள் உட்கார்ந்த இடத்தில் நானும் உட்கார வேண்டும் என்பது பாதி, வீம்பு பாதி.

சாந்தி தலையில் அடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நித்யா மறுபுறம். நான் வாயைத் திறக்கும் முன்பே டீ மாஸ்டர் ஒரு கிளாஸை என் கையில் கொடுத்தார்.

"சக்கர கம்மியா போட்டுகீறேன். எதிர்ல அக்கா விடியக்காலையிலயே சொல்ட்டாங்க. நியூசிலாந்துலேர்ந்து ஒர்த்தரு பட்டு வேட்டியோட வருவாரு, நேரா இங்கதான் குந்துவாருன்னு."

நிமிர்ந்து பார்த்தேன். மண்டப வாசலில் நாற்காலி போட்டு, அதே அரக்குப் புடவையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன். நடுவில் பஸ்ஸும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் இருவரும் அசையவில்லை. நித்யா, "அப்பா, நான் பண்ணேன் இல்ல, அது ரொம்பக் கால் வலிக்கும். நீ உட்கார்ந்து பண்றாரு, இது ஈஸி" என்றாள்.

கடைசியில் அக்காதான் எழுந்தாள். ஒரு கையில் தட்டு. இன்னொரு கையை நீட்டி ஒரு தண்ணீர் லாரியை நிறுத்தி, "ஏன், கண்ணு தெரியலியா?" என்று அந்த டிரைவரையே திட்டிவிட்டு, சாலையைக் கடந்து வந்தாள். பின்னால் மாமா. அழைக்கத்தான் வருகிறாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

தட்டை பெஞ்சில் வைத்தாள். வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், குங்குமம். நடுவில் இருந்தது சுமதியின் பத்திரிகை இல்லை. மூலையில் மஞ்சள் வெளுத்துப்போய், மேலிருந்து கீழே ஜன்னல் கம்பி அகலத்துக்கு ஒரு துருக் கோட்டோடு, என் பெயரும் சாந்தி பெயரும் போட்ட பத்திரிகை.

"மொதல்ல இத்த ஒழுங்கா வை" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. செருப்பைக் கழற்றினேன். சாந்தி எழுந்து தட்டின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"தேவராஜ் மாமா, கன்னியம்மா அக்கா" என்று ஆரம்பித்தேன். "எனக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. பொண்ணு ஆவடி. நீங்க ரெண்டு பேரும் சுமதியைக் கூட்டிக்கினு முன்னாடியே வந்து..."

"அப்பாவுக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சே" என்றாள் நித்யா. சாந்தி அவள் வாயைப் பொத்தினாள்.

"வந்து?" என்றாள் அக்கா, விடாமல்.

"வந்து, கூட இருந்து நடத்திக் குடுக்கணும்."

அக்கா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பத்திரிகையைப் பிரித்து முதல் வரியிலிருந்து மண்டபத்தின் பெயர் வரைக்கும் நிதானமாகப் படித்தாள். எதிரே நாதஸ்வரக்காரர்கள் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு ஆவடியா, நல்லாக் கீது" என்றாள். "குடும்பத்தோட வரோம்டா."

தட்டை மாமாவிடம் கொடுத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் அரிசி. என் தலையில் போட்டாள், சாந்தி தலையில் போட்டாள், மிச்சத்தை நித்யாவின் தலையில் கொட்டினாள். இந்தத் தடவை நடுவில் லாரி எதுவும் வரவில்லை.